தூக்குக்கு மாற்று என்று நாம் சொல்லும் அந்தத் தண்டனை

2011 ஆகஸ்ட் கடைசி வாரம். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூன்று பேரையும் செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்திருந்தார். அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் தினமும் இதே பேச்சுதான். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், "கொலை பண்ணவன தூக்குல போடாம கொஞ்சிக்கிட்டா இருக்க முடியும்?" என்பார். நான் ரொம்ப நியாயஸ்தன் மாதிரி ஒரு பதில் வைத்திருந்தேன். "தூக்கு வேணாம்னுதான் சொல்றேன், வெளிய விடச் சொல்லல. சாகுற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. தூக்கு வேண்டும் என்பவர்களோடும் சண்டை இல்லை, வேண்டாம் என்பவர்களோடும் சண்டை இல்லை. நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டலாம். மரண தண்டனை எதிர்ப்பாளர்கள் பலரும் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்: தூக்கை எடுத்துவிடுங்கள், பதிலாக முன்விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனை கொடுங்கள்.

சில வருடங்கள் கழித்து, இந்தத் தண்டனை இந்தியாவில் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வாசித்தேன். நான் வக்கீல் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு வாதத்தின் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஒழுங்காகப் போக முடிகிறதா என்று பார்க்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்ததில், என்னுடைய டீக்கடைப் பதில் நிற்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் 'பரோல்' என்றால் நிபந்தனையோடு முன்கூட்டியே விடுதலை செய்வது. நம் ஊரில் பரோல் என்றால் வீட்டில் சாவு, கல்யாணம் என்று சில நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்பிப் போவது. அமெரிக்கர்களின் பரோலுக்கு நம் ஊரில் ஓரளவு சமமானது தண்டனைக் குறைப்பும் முன்விடுதலையும்தான். ஆகவே இங்கே கேள்வி, முன்விடுதலை என்ற கதவை ஒருவருக்கு நிரந்தரமாக அடைக்கலாமா என்பது.

அந்தத் தீர்ப்பு

இந்தியாவில் இந்தக் கதவை அடைத்த தீர்ப்பு, 2008 ஜூலையில் வந்த சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கு. பெங்களூரில் ஒருவர் 1991-இல் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து, பெட்டியில் வைத்து, வீட்டு வளாகத்திலேயே புதைத்துவிட்டு, அதே வீட்டில் மூன்று வருடம் ஒன்றும் நடக்காதது போல வாழ்ந்தார். சொத்துதான் காரணம். 1994-இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றம் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 2007-இல் இரண்டு நீதிபதிகளில் மார்க்கண்டேய கட்ஜு தூக்கு என்றார், எஸ்.பி. சின்ஹா ஆயுள் என்றார். அதனால் மூவர் அமர்வுக்குப் போனது. நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய தீர்ப்பு: தூக்கு வேண்டாம், ஆனால் ஆயுள் முடியும் வரை இவரை விடுதலை செய்யக்கூடாது.

சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு தண்டனை அன்றைக்குத் தனியாக இல்லை. கொலைக்கு இரண்டுதான்: மரணம், ஆயுள். அப்புறம் எப்படி? தீர்ப்பின் வாதத்தை என் வார்த்தையில் சுருக்குகிறேன். ஒன்று, தூக்கு கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் எந்த நீதிபதிகள் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இது சங்கடமான விஷயம். இரண்டு, ஆயுள் தண்டனை நடைமுறையில் சுமார் 14 வருடமாகச் சுருங்கிவிடுகிறது. மாநில அரசுகள் இயந்திரத்தனமாகக் குறைப்பு கொடுக்கின்றன. மூன்று, ஆகவே 14 வருடத்துக்கும் தூக்குக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. சில குற்றங்களுக்கு 14 வருடம் ரொம்பக் குறைவு என்று நினைக்கும் நீதிபதி, வேறு வழியில்லாமல் தூக்கை எடுத்துவிடுவார். அந்தப் பள்ளத்தை நிரப்ப நடுவில் ஒரு தண்டனை வேண்டும்.

நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் படி படியாகப் பாருங்கள்.

'ஆயுள்னா 14 வருஷம்' என்பது சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில், 1961-லேயே உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனை என்றால் மிச்ச ஆயுள் முழுக்க என்று சொல்லிவிட்டது. 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவு, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருடத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தின் கீழ் விடக்கூடாது என்றது. 14 என்பது தரை, கூரை இல்லை. 14 முடிந்ததும் விட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாநில அரசுகள் யோசிக்காமல் விடுகின்றன என்றால் அது விடுதலை செய்யும் முறையில் உள்ள கோளாறு. கோளாறு உள்ள முறையைத் திருத்த வேண்டும். தீர்ப்பு அதைத் திருத்தாமல், குறிப்பிட்ட சிலருக்கு அந்த முறையே கிடையாது என்று எடுத்துவிட்டது. எங்கள் தொழிலில் இதை நாங்கள் அடிக்கடி செய்வோம். பிழை எங்கே என்று தேட நேரமில்லாமல் அந்த வசதியையே முடக்கிவைப்போம். அதை யாரும் தீர்வு என்று சொல்வதில்லை.

அடுத்தது, நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது என்ற கவலை. இதைத் தீர்க்க வந்த புதிய தண்டனை என்ன செய்தது? முன்பு இரண்டு வாய்ப்பு இருந்தது. இப்போது 20 வருடம், 25, 30, 35, ஆயுள் முழுக்க என்று பல. எந்தக் குற்றத்துக்கு 25, எதற்கு 30 என்று எங்கேயும் அளவுகோல் கிடையாது. எந்த அமர்வு என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது என்று நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அமர்வின் கையிலேயே இன்னும் அதிக எண்களைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மாற்று என்று வந்தது, கூடுதலாக நின்றது

2015 டிசம்பர் 2-ஆம் தேதி அரசமைப்பு அமர்வு இந்தச் சிறப்புத் தண்டனையை 3:2 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. வழக்கின் பெயர் ஸ்ரீஹரன் என்கிற முருகன். ஆமாம், டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே முருகன். நீதிபதி கலிஃபுல்லா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இதைக் கொடுக்கலாம், விசாரணை நீதிமன்றம் கொடுக்க முடியாது என்றது. நீதிபதிகள் யு.யு. லலித், ஏ.எம். சாப்ரே இருவரும் மறுத்தார்கள்: புதிய தண்டனையை உருவாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை, சட்டம் அரசுக்குக் கொடுத்த குறைப்பு அதிகாரத்தை நீதிமன்றம் பறிக்க முடியாது என்று.

சிறுபான்மை சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2008-இல் இந்தத் தண்டனைக்குச் சொன்ன ஒரே நியாயம், இது தூக்குக்கு மாற்று என்பது. 2023 மார்ச்சில் பெங்களூர்க் கொலை வழக்கு ஒன்றில் (சிவகுமார் வழக்கு), தூக்குத் தண்டனையே விதிக்கப்படாத, விதிக்கும் யோசனைகூட இல்லாத வழக்கிலும் இதைக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூக்கிலிருந்து ஒருவரை இறக்கிவிட வந்த ஏணியில், சாதாரண ஆயுள் கைதிகளை மேலே ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு புள்ளிவிவரம் முக்கியம். இந்த நூற்றாண்டின் முதல் 15 ஆண்டுகளில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளில் கடைசி வரை நின்றவை 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதிப் பேர் விடுதலையானார்கள், அல்லது ஆயுளாகக் குறைந்தது. அதாவது, சிறப்புத் தண்டனை இல்லாவிட்டால் தூக்கில் போயிருப்பார்கள் என்று நாம் நினைக்கும் பெரும்பாலானவர்கள், எப்படியும் தூக்கில் போயிருக்க மாட்டார்கள். அவர்கள் சாதாரண ஆயுள் தண்டனையில் இருந்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்தத் தண்டனை சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் பேருக்கு வெளியே வரும் வழியை அடைத்திருக்கிறது.

எதிர்த் தரப்பின் பலமான வாதம்

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. முன்விடுதலைக் கதவை அடைக்க வேண்டும் என்பவர்களிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அது நம் மாநிலத்திலேயே நடந்தது.

2000 பிப்ரவரி 2-ஆம் தேதி தர்மபுரியில் கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். குற்றவாளிகள் மூன்று பேர் கட்சிக்காரர்கள். தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதி செய்தது. 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி மூவரும் வெளியே வந்தார்கள். ஆண்டது அவர்கள் கட்சியேதான். அந்த மாணவிகளின் பெற்றோர் அன்றைக்குச் செய்தியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பதில் வரவில்லை. பில்கிஸ் பானு வழக்கில் 2022 சுதந்திர தினத்தன்று 11 பேரை குஜராத் அரசு விடுவித்ததும் இதே ரகம்.

"இந்த அரசியல்வாதிங்க கையிலயா சாவியக் கொடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் பில்கிஸ் வழக்கு அங்கேயே முடியவில்லை. 2024 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. விசாரணை மகாராஷ்டிராவில் நடந்ததால் முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசுதான், குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி, 11 பேரையும் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. அதாவது தவறாக விடுவித்தால் திரும்பப் பிடிக்க முடியும்.

தர்மபுரி நமக்குச் சொல்வது வேறு. அந்த விடுதலைக்குக் கைதி மாறியிருக்கிறாரா என்று தனித்தனியாக எடைபோட்டு மக்கள் முன் வைத்த காரணம் எதுவும் கிடையாது. ஒரு தலைவரின் நூற்றாண்டு விழாதான் காரணம். அதே 2018-இல், செப்டம்பர் 9-ஆம் தேதி அமைச்சரவை ராஜீவ் வழக்கின் ஏழு பேரையும் விடச் சொல்லிப் பரிந்துரைத்தது. தர்மபுரிக் கோப்பு நவம்பரில் நகர்ந்தது. இந்தக் கோப்பு ஆளுநர் மாளிகையில் இரண்டு வருடத்துக்கு மேல் தூங்கி, 2021-இல் குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒரே அரசு, ஒரே ஆளுநர், ஒரே ஆண்டு. முன்விடுதலை என்பதே தவறு என்று இதிலிருந்து வராது. விதியில்லாத முன்விடுதலை தவறு என்றுதான் வருகிறது.

அந்த 2011-க்குத் திரும்புகிறேன்

இந்த வழக்கின் எண்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. குற்றம் சாட்டப்பட்டு நின்ற அத்தனை பேருக்கும். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்து, மூன்று பேருக்கு ஆயுள் கொடுத்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தூக்கு என்றதும் நீதிமன்றங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகின்றன. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தே ஆக வேண்டும். 2014-க்குப் பிறகு மறு ஆய்வு மனுவைக்கூட மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். ஆயுள் கைதிக்கு இதெல்லாம் கிடையாது. 'தூக்குதான் இல்லையே, அப்புறம் என்ன' என்று கோப்பு அடியில் போய்விடும். கலிஃபோர்னியாவில் 2012-இல் தூக்குக்குப் பதில் முன்விடுதலையற்ற ஆயுள் என்று வாக்கெடுப்பு நடந்தபோது, மரண தண்டனைக் கைதிகளிலேயே பலர் அதை விரும்பவில்லை. தூக்கு போனால் தங்கள் மேல்முறையீட்டுக்கு இருக்கும் வக்கீலும் போய்விடுவார் என்ற பயம்.

பேரறிவாளன் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, வெடிகுண்டுக்காக இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. ஆதாரம், போலீஸ் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம். கைதானபோது வயது 19. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013-இல், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். கைதாகி 22 வருடம் கழித்து. இரண்டு வருடம் முன்னால் தூக்குக் கயிறு தயாராக இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் நடுநிலைப் பதிலை எடுத்துக்கொள்வோம். 2014 பிப்ரவரி 18-இல் கருணை மனு தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. அரசு சட்டப்படி குறைப்பு கொடுத்தால் அதற்கு உட்பட்டு, என்ற ஒரு பகுதியும் அதில் இருந்தது. நான் டீக்கடையில் கேட்டது அந்தப் பகுதி இல்லாத தீர்ப்பை. 'சாகுற வரைக்கும்' என்றேனே, அதன் அர்த்தம் அதுதான். அதிகாரி பேசியதும், சிறைக்குள் அவர் படித்ததும், உடம்பு கெட்டதும், எதுவும் கணக்கில் வரக்கூடாது என்று நான் கேட்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். சிறப்புத் தண்டனை கொடுத்தாலும் அரசமைப்பின் 72, 161-ஆம் பிரிவுகளின்படி குடியரசுத் தலைவர், ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தைத் தொட முடியாது என்று 2015 தீர்ப்பே சொல்கிறது. பேரறிவாளன் 2022 மே 18-இல் வெளியே வந்ததும் 161-ஆம் பிரிவுப் பரிந்துரை கிடப்பில் போடப்பட்டதால் உச்ச நீதிமன்றம் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தித்தான். உண்மை. ஆனால் அந்தக் கதவு திறக்க என்னவெல்லாம் ஆனது? அற்புதம்மாள் 30 வருடம் ஓயாமல் நடந்தார். ஊரே தெருவுக்கு வந்தது. ஒரு அமைச்சரவை தீர்மானம் போட்டது. அதற்கு மேலும் மூன்றரை வருடம். முதல் பரோலே 26 வருடம் கழித்து 2017-இல்தான் கிடைத்தது. பெயர் தெரியாத, போஸ்டர் ஒட்ட ஆளில்லாத கைதிக்கு 161 என்பது காகிதத்தில் வரைந்த கதவு.

தூக்கு வேண்டாம் என்பதற்கு நாம் சொல்லும் காரணங்கள் என்ன? நீதிமன்றம் தவறலாம், மனிதன் மாறலாம். இரண்டே காரணம்தான். முன்விடுதலையற்ற ஆயுளில் முதல் காரணத்துக்குப் பாதி இடம் இருக்கிறது, ஆள் உயிரோடு இருப்பதால். இரண்டாவதற்கு இடமே இல்லை. 30 வயதுக் குற்றவாளி 60 வயதில் எப்படி இருப்பார் என்று தீர்ப்பு எழுதும் நாளிலேயே முடிவு செய்துவிடுகிறோம். அந்த நாளில் தெரிய வழியில்லாத ஒரு மதிப்பை நிரலில் நிரந்தரமாக எழுதிவைப்பது போலத்தான் இது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1977-லேயே, ஆயுள் கைதிக்கும் என்றாவது வெளியே வரும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் வின்டர் வழக்கில், பரிசீலனையே இல்லாத ஆயுள் தண்டனை மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு எதிரான உரிமையை மீறுகிறது என்றது. 25 வருடத்துக்குள் ஒரு பரிசீலனை என்ற அளவையும் சுட்டிக்காட்டியது. இந்த நீதிமன்றங்கள் யாரையும் விடச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்கின்றன. பார்த்துவிட்டு, இவர் இன்னும் ஆபத்தானவர் என்றால் உள்ளேயே வைக்கலாம். ஷ்ரத்தானந்தாவையும் அப்படி வைத்திருக்கலாம்.

ஆகவே என் நிலைப்பாடு இப்போது இது. தூக்கு வேண்டாம். மாற்று, சாதாரண ஆயுள் தண்டனையே போதும். மிச்ச ஆயுள் முழுக்க என்ற அர்த்தத்தோடு, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசீலனையோடு. அந்தப் பரிசீலனையில் தண்டித்த நீதிமன்றத்தின் கருத்து வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்க வேண்டும், முடிவுக்கான காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். தலைவர்கள் பிறந்தநாளுக்கு மொத்தமாக விடுவது கூடாது. தர்மபுரிக் குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது இது.

2011-இல் என்னோடு சண்டை போட்ட நண்பர் இன்றைக்கும் தூக்கு வேண்டும் என்பவர்தான். போன மாதம் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நீயும் நானும் ஒண்ணத்தான் கேட்டிருக்கோம். நான் சீக்கிரமா கேட்டேன், நீ மெதுவா கேட்ட" என்றார். மறுத்துப் பேச ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அன்றைய என்னைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.